பிரிக்காத பெட்டிகள்

மாதிரிக் கார் சேகரிப்பவர்கள் என்று தமிழ்நாட்டில் இன்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்களில் பாதிப் பேர் சேகரிப்பது அட்டைகளைத்தான். கார் அந்த அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் கிடக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அது வெளிக்காற்றைப் பார்த்ததில்லை. திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இப்படி ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறார், ஓர் அறை முழுக்க, தரையிலிருந்து கூரை வரை. "ஒண்ணே ஒண்ணப் பிரிச்சுக் காட்டுப்பா" என்றேன். "பிரிச்சா வேல்யூ போயிரும்ணே" என்றார். கையில் வைத்திருந்தது ஒரு போர்ஷே. கதவு திறக்குமா என்று கேட்டேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் போட்டிருக்கவில்லை.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டியைச் சின்ன அளவில் செய்வதும், செய்ததை வாங்கி வைத்துக்கொள்வதும் அந்த வண்டியைப் பார்ப்பதற்கான வழிகள். பார்க்காமல் வைத்திருப்பதற்கு மாதிரிக் கார் எதற்கு? தபால் ஆபீசில் சேமிப்புப் பத்திரம் கிடைக்கிறது. வட்டியும் உறுதி, இடமும் அடைக்காது.

நான் பெருமாள்மலையில் இருக்கிறேன். 1:43 அளவில் வண்டிகள் செய்கிறேன். "இந்த வயசுல பொம்மக் கார வச்சு வெளாண்டுக்கிட்டிருக்காரு" என்று சொந்தத்தில் பேசிக்கொள்வது காதில் விழாமல் இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. பொம்மை என்று சொல்கிறவருக்குக் கார் தரையில் ஓட வேண்டிய பொருள் என்பதாவது நினைவிருக்கிறது. என் சண்டை அவரோடு இல்லை.

இந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கூத்து இன்னும் தெளிவாகும். லண்டனில் லெஸ்னி என்றொரு வார்ப்படக் கம்பெனி. அதன் பங்குதாரர் ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. அப்பா பித்தளையில் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953-ல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வரிசைக்குச் சொல்லப்படும் கதை இது. பெட்டி வந்ததே பைக்குள் போட்டு எடுத்துப்போய் வகுப்பில் நாலு பேருக்குத் திறந்து காட்டத்தான். 1968-ல் மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸை இறக்கியபோது அது விற்றது ஓட்டத்தை: மெல்லிய அச்சு, உரசல் குறைந்த சக்கரம், ஆரஞ்சு நிறப் பாதை. 1995-ல் 'ட்ரெஷர் ஹன்ட்' வந்தது. வழக்கமான கார்களுக்கு நடுவே குறைந்த எண்ணிக்கையில் சில விசேஷ கார்களைக் கலந்து அனுப்புவது. அப்புறம் அதிலும் 'சூப்பர்' என்று ஓர் உயர்சாதி. லாட்டரிச் சீட்டு பொம்மைக் கடைக்குள் நுழைந்த வரலாறு இவ்வளவுதான்.

அதன் பலனைக் கடையில் போய்ப் பாருங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கு ஷூ போட்ட பெரியவர்கள் நிற்கிறார்கள். பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, வேண்டியதை உருவிக்கொண்டு போய், அன்று சாயங்காலமே நாலு மடங்கு விலை சொல்கிறார்கள். பதினோரு மணிக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வரும் பையனுக்கு எஞ்சியிருப்பது யாரும் வேண்டாமென்று விட்டுப்போன மூன்று கார்கள். 'குழந்தைமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்' என்று இவர்கள் பேட்டி வேறு கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, அளவு. 1:64 என்று எல்லோரும் வாய் கூசாமல் சொல்கிறார்கள். நாலேகால் மீட்டர் சொச்சம் நீளமுள்ள அம்பாசடர் 1:64-ல் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சரி. ஒன்பது மீட்டர் பஸ் பதினாலு சென்டிமீட்டர் வர வேண்டும். ஆனால் அதே அட்டையில், அதே குமிழுக்குள், அதே ஏழெட்டு சென்டிமீட்டரில் பஸ்ஸும் லாரியும் வருகின்றன. அளவைத் தீர்மானிப்பது வண்டி இல்லை, அட்டை. பொம்மைக்கு இதில் ஒரு குற்றமும் இல்லை; குழந்தைக்கு ஸ்கேல் தேவையில்லை. ஆனால் 'ஸ்கேல் மாடல் கலெக்டர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தவருக்கு ஓர் அடிக்கோல்கூடவா வீட்டில் இல்லை?

பிரிக்காமல் வைத்தால் அப்படியே இருக்கும் என்பதும் நம்பிக்கைதான். மெத்தென்ற வினைல் டயரிலிருந்து எண்ணெய்ப் பதம் கசிந்து, அது தொட்டுக்கொண்டிருக்கும் கடினப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கூடிப்போனால் உலோகமே வெடித்துப் பொரிந்து உதிரும். போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இப்படித்தான் போயின. கையில் எடுத்துத் துடைக்கிறவனுக்கு முதல் விரிசல் கண்ணில் படும். அட்டைக்காரருக்கு எப்படித் தெரியும்?

போர்ஷே என்றவுடன் ஒரு விஷயம். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1976-ல் 1:12 அளவில் போர்ஷே 934-ஐ வெளியிட்டது. அதற்காக ஷுன்சாகு தமியா செய்த காரியம் பிரசித்தம். எடுத்த படமும் குறிப்பும் போதவில்லை என்று நிஜமாகவே ஒரு போர்ஷே 911 வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார். திரும்பப் பூட்டுவதற்குப் போர்ஷே ஆட்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பைத்தியம்தான். ஆனால் பைத்தியம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நம் ஊர் வண்டிக்கு அந்தப் பைத்தியத்தை யார் காட்டியிருக்கிறார்கள்? டிங்கி பயன்படுத்தி முடித்த அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து 'நிக்கி டாய்ஸ்' ஆயின. அவர்கள் தேய்த்து முடித்ததில் நாம் வார்த்தோம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் செய்த ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூல வண்டியான பிரிட்டிஷ் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. டிங்கி அதைத்தான் செய்தது. 1960களின் கடைசியில் நம்மவர்கள் நாலு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. மதுரையிலும் திருச்சியிலும் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டியது இந்த வண்டியை. அதைச் செய்ய வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஹெரால்டு ஒன்றை வாங்கி, முன்கதவைக் குட்டையாக்கி, நடுத்தூணை முன்னால் தள்ளி, பின்கதவுக் கோட்டைக் கீற வேண்டும். நான் இரண்டு செய்தேன். ஒன்றைப் பார்த்த அட்டைக்காரர் ஒருவர், "கட்டிங் பண்ணிட்டீங்களே சார், ஒரிஜினல் போச்சே" என்றார். எந்த ஒரிஜினல்?

அம்பாசடருக்குக் கொஞ்சம் பரவாயில்லை. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றதும் எல்லோருக்கும் திடீரென்று பாசம் பொங்கியது. சென்டி கம்பெனி பின்னால் இழுத்து விடும் பிளாஸ்டிக் அம்பாசடர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறது. இந்தியாவில் விற்கும் மாதிரிகளில் நான் அதிகம் மதிக்கும் பொருள் அது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்தெறிந்துவிட்டு, பாடியைத் தேய்த்து, கிரில்லை மெல்லிசாக்கி, டாக்சிக்கு மேலே கேரியர் வைத்தால் கொடைரோடு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த வண்டி வந்துவிடும். மட்டமான பொம்மை என்று இதைத் தொடாதவர்கள்தான் அட்டைக்குள் இருக்கும் பொம்மைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

இந்த மலைக்கு வருகிறேன். கொடைக்கானலுக்கு வண்டி ஏறத் தொடங்கி நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து கால்நடையாகவோ, கூலிகள் தூக்கிய டோலியிலோதான் துரைமார் வந்தார்கள். லாஸ் காட் சாலை வந்த பிறகு வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மோட்டார் ஏறியது. அன்றிலிருந்து இந்த வளைவுகளில் ஏறி இறங்கிய வண்டிகளின் வரிசைதான் கொடைக்கானலின் நிஜமான வரலாறு என்பேன். ஏரியும் தூண் பாறையும் எல்லாப் படத்திலும் இருக்கின்றன. வண்டி எங்கே?

பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மதுரை வட்டாரத்தில் டி.வி.எஸ். பஸ்கள் ஓடிய காலம். 1970களின் தொடக்கத்தில் அரசுடைமை, பாண்டியன் போக்குவரத்துக் கழகம். பிறகு திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ராணி மங்கம்மாள். 1997-ல், பெயர்களை முன்னிட்டு நடந்த சாதிக் கலவரத்துக்குப் பின், எல்லாப் பெயரையும் அழித்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்த நாலு சொல்லில் தமிழ்நாட்டு அரசியல் முப்பது வருஷத்துக்கு இருக்கிறது. மாதிரி செய்கிறவன் அந்த எழுத்தைத் தப்பாகப் போட முடியாது. எந்த வருஷம், எந்த நிறம், எழுத்து ஜன்னலுக்கு மேலா கீழா என்று தெரிந்தாக வேண்டும். ராணி மங்கம்மாள் பஸ் என்ன நிறம் என்று வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று நிறம் சொன்னார்கள். மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள்.

ஜீப் இன்னும் மோசம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று உள்மலைக்குப் போன மகிந்திரா ஜீப்புகள் எதுவும் கம்பெனியில் செய்த மாதிரி இருந்ததில்லை. பின்பக்கத்தை நீட்டியிருப்பார்கள். மேலே கேரியரில் பூண்டு மூட்டை, பின்படியில் ஆறு பேர், மூடுபனி விளக்குக்கு மஞ்சள் உறை, ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கட்டை. ஒவ்வொன்றையும் ஒரு வெல்டர் தன் கைக்கு வந்தபடி செய்திருப்பார். வரைபடம் என்று ஒன்று எப்படி இருக்கும்? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நல்லது. அதைச் சுமந்த ஜீப் காயலான் கடைக்குப் போனபோது டேப் வைத்து அளந்தவர் ஒருவரும் இல்லை. இப்போது நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். எத்தனை வண்டி வருகிறது என்பது தெரிய ஆரம்பித்திருக்கிறது. இதுவரை என்னென்ன வண்டி வந்தது என்பதற்குக் கணக்கு கிடையாது.

"எல்லாருக்கும் உங்கள மாதிரி கை வருமா" என்பார்கள். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளை விட்டுவிடுங்கள். ஃபோம் ஷீட்டும் ஃபெவிக்விக்கும் கட்டரும் வைத்துக்கொண்டு போன் படத்தைப் பார்த்தே பஸ் செய்யும் பையன்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். ஸ்டீயரிங் திரும்பும், உள்ளே லைட் எரியும், டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் சீட்கூட இருக்கும். பிராண்டு இல்லாததால் அட்டைக்காரர்கள் இவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என் கணக்கில் இந்த மாநிலத்தின் மாதிரிக் கலைஞர்கள் அவர்கள்தான். ஒரு குறையும் உண்டு: எல்லோரும் புத்தம்புது ஸ்லீப்பர் பஸ்ஸையே செய்கிறார்கள், அதுவும் கண் மதிப்பில். பழைய மலை பஸ் ஒன்றைச் செய்யச் சொன்னால், "அது யாருண்ணே வாங்குவா" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு 'சூப்பர்' அட்டைக்குக் கொடுக்கிற காசில் அப்படி ஒரு பஸ்ஸைச் சொல்லிச் செய்யவைக்கலாம். கேட்க ஆள் இல்லை.

வரியைப் பற்றிய புலம்பலும் தெரியும். 2020-ல் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். நல்ல பெயிண்டும் கிட்டும் வெளியிலிருந்து வரவழைக்கும் எனக்கும் விலை கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் எந்தத் துறைமுகத்தில் வரி கேட்டார்கள்? அது ஷெட்டில் நிற்கிறது. டேப் முப்பது ரூபாய்.

இங்கே இருப்பதில் உள்ள கஷ்டம் வேறு. ஐப்பசி கார்த்திகையில் பெயிண்ட் அடிக்க முடியாது. லாக்கர் உலரும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு அம்பாசடர் சாம்பல் பூத்துவிடும். தை பிறந்து வெயில் வரும்வரை செதுக்குவதும் தேய்ப்பதும்தான். அந்த மாதங்களில் அளவெடுக்கப் போகிறேன். பக்கத்து எஸ்டேட் ஷெட்டில் ஒரு அம்பாசடர் மண்ணில் இறங்கிக் கிடக்கிறது. டிரைவராக இருந்த பெரியவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். "இத எதுக்குத் தம்பி அளக்குறீங்க, இரும்பு வெலைக்குக்கூட எடுக்க மாட்டேங்குறான்" என்பார். பிறகு அவரே, எந்த வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், கேரியர் கம்பி ஏன் முன்பக்கம் மட்டும் வளைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். நான் எழுதிக்கொள்வேன்.

மலை பஸ்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1:43-ல் இருபத்தோரு சென்டிமீட்டருக்குச் சட்டம் கட்டி வைத்திருக்கிறேன். முன்முகம் ஒரு கல்யாண ஆல்பத்தில் கிடைத்தது, பஸ் முன்னால் உறவினர்கள் நிற்கிறார்கள். இடப்பக்கம் ஒரு பள்ளிச் சுற்றுலாப் படத்தில் பாதி. பின்பக்கம் எங்குமே இல்லை. கூரைக்கு ஏறும் ஏணி இடது ஓரத்திலா வலது ஓரத்திலா என்பது தெரியாமல் எட்டு மாதமாக வேலை நிற்கிறது. 1997-க்கு முன் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் யாராவது ஐஸ்கிரீமோ ஸ்வெட்டரோ வாங்கிக்கொண்டு நின்று படம் எடுத்திருந்தால், உங்களுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.