திருகோணமலைக் கடலின் திமிங்கிலங்களைக் கடற்றொழிலின் மூலவளமாகக் கருதிப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நிர்வாகக் குழு, கரையோரக் கடற்றொழிலாளர் மற்றும் படகோட்டிகள் சங்கம், திருகோணமலை.

பெறுநர்:
கௌரவ கடற்றொழில் அமைச்சர் அவர்கள்;
பணிப்பாளர் நாயகம், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்;
பணிப்பாளர் நாயகம், வணிகக் கப்பற்றுறைச் செயலகம், கொழும்பு.

பிரதி: மாவட்டச் செயலாளர், திருகோணமலை.

பொருள்: கப்பல் பாதை, வலை, படகுச் சுற்றுலா ஆகியவற்றால் திமிங்கிலங்களுக்கு நேரும் சேதத்தைத் தடுத்தல்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

திருகோணமலைத் துறைமுக வாயிலைத் தாண்டிய உடனேயே கடலடி பள்ளத்தாக்காக இறங்கிவிடுகிறது. அதனால்தான் கோணேசர் கோவில் மலையில் நின்றபடியே நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்க்க முடிகிறது. 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்ற ஆய்வுப் படகு இங்கே வந்து எண்ணெய்த் திமிங்கிலங்களை ஆராய்ந்த காலத்திலிருந்து இக்கடல் உலக ஆய்வாளர்களுக்குத் தெரிந்த கடல். ஆனால் அரச கோப்புகளில் திமிங்கிலம் இன்றுவரை சுற்றுலாவுக்கும் வனசீவராசிகளுக்கும் உரிய விடயமாகவே இருக்கிறது. அது மீன்வளத்தோடு சேர்ந்த விடயம் என்பதே எங்கள் நிலைப்பாடு.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சூடான கடலில் மேல்நீரும் அடிநீரும் எளிதில் கலப்பதில்லை. மீனுக்கு முதல் உணவாகும் நுண்பாசி வெயில் படும் மேல்நீரில்தான் வளரும். அதற்கு வேண்டிய சத்தோ அடியில் தங்கிவிடுகிறது. திமிங்கிலம் ஆழத்தில் இரை தின்று, மூச்செடுக்க மேலே வந்து, மேற்பரப்பில்தான் மலம் கழிக்கிறது. அடிநீரின் நைதரசனும் இரும்பும் அப்படியே மேலே வந்து சேருகின்றன. வயலுக்கு எரு இடுவதும் இதுவும் ஒன்றே. அமெரிக்காவின் மெயின் வளைகுடா பற்றி 2010இல் வெளியான கணக்கின்படி, திமிங்கிலங்களும் கடல்நாய்களும் ஆண்டுக்குச் சுமார் 23,000 தொன் நைதரசனை மேல்நீரில் சேர்க்கின்றன. அந்த வளைகுடாவில் விழும் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவதைவிட இது அதிகம். தென்துருவக் கடலின் எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஆண்டுக்கு 50 தொன் இரும்பை அளிப்பதாகவும், அதில் வளரும் பாசி பெருமளவு காபனை ஆழ்கடலுக்குக் கொண்டுபோவதாகவும் அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு கூறுகிறது. இந்த அளவீடுகளை எங்கள் கடலிலும் எடுக்க, நீர்வள ஆராய்ச்சிக்கான அரச நிறுவனமாகிய ‘நாரா’வுக்கு நிதி ஒதுக்க வேண்டும்.

‘திமிங்கிலம் மீனைத் தின்று தீர்க்கிறது’ என்று கரையில் சிலர் பேசுவதுண்டு. இலங்கைக் கடலின் நீலத் திமிங்கிலம் தின்பது கூனி இறாலுக்கு உறவான ஆழ்கடல் சிற்றிறாலை. எண்ணெய்த் திமிங்கிலம் தின்பது எங்கள் வலை எட்டாத ஆழத்துக் கணவாயை. தென்துருவக் கடலில் இருபதாம் நூற்றாண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்களைக் கொன்றார்கள். தின்ன ஆளில்லாமல் கிரில் என்னும் கூனி பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். பல பகுதிகளில் அது குறைந்தே போனது.

வடக்கு இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலங்கள் தென்துருவத்துக்கு வலசை போவதில்லை. ஆண்டு முழுவதும் இந்தக் கடல்களிலேயே வாழ்கின்றன. ஆகவே எங்கள் கரையில் காண்பவற்றின் கதி தெற்கே தேவேந்திரமுனையிலும் தீர்மானமாகிறது. உலகின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளுள் ஒன்று அவை இரை தேடும் இடத்தின் ஊடாகவே செல்கிறது. 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முனையில் நீலத் திமிங்கிலத்தின் உடல் மாட்டியிருந்தது. பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும் என ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியது. ஒரு தனியார் நிறுவனத்துக்கு இயன்றது அரசுக்கு இயலாதா? துறைமுக வருமானம் போய்விடும் என்ற அச்சம் எங்களுக்கு விளங்கவில்லை. இங்கு சரக்கு இறக்க வரும் கப்பல் எப்படியும் வரும், நிற்காமல் கடந்துபோகும் கப்பலைத்தான் விலகச் சொல்கிறோம். அந்தப் பாதையில் இரவில் வலை போட்டுக் கிடக்கும் தென்பகுதிச் சகோதரர்களின் உயிருக்கும் அதுவே காவல். எனவே பாதை மாற்றத்துக்கான முறையான விண்ணப்பத்தைச் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் சமர்ப்பிக்க வேண்டும் என்பது எங்கள் முதன்மைக் கோரிக்கை.

அடுத்தது வலை. திமிங்கிலம் வலையில் சிக்கினால் தொழிலாளி வெளியே சொல்வதில்லை. சொன்னால் வழக்கு, சொல்லாவிட்டால் வலை மட்டும் நட்டம். தகவல் தருபவர் மீது வழக்கு இல்லை என்ற சுற்றறிக்கையும், விலங்கை விடுவிக்க அறுத்த வலைக்கு நட்டஈடும் வேண்டும். வலை அறுப்பதில் பயிற்சி பெற்ற ஒரு குழு திருகோணமலையில் நிலையாக இருக்க வேண்டும். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறியபோது கடற்படையினரும் கரையோரக் காவல்படையினரும் ஊர் மக்களும் இரவோடிரவாகப் பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆளும் மனமும் நாட்டில் உண்டு, ஏற்பாடுதான் இல்லை.

திமிங்கிலம் பார்க்கும் படகுகளுக்கு 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. நூறு மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்பதை மீறும் படகு யாருடையதானாலும், எங்கள் உறுப்பினருடையதே ஆனாலும், அதன் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துங்கள். அந்த விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒட்டுங்கள்.

இறந்து மிதக்கும் உடல்கள் குறித்தும் ஒரு வார்த்தை. கடலடிக்கு இறங்கும் ஒரு திமிங்கிலத்தின் உடல் பல பத்தாண்டுகள் ஆழ்கடல் உயிர்களுக்கு உணவாகிறது. எலும்பைத் துளைத்து வாழும் புழுக்கள்கூட உண்டு. இன்று அத்தகைய உடல் கரையொதுங்கினால் இயந்திரம் கொண்டு மணலில் புதைத்துவிடுகிறோம். மிருக வைத்தியர் மாதிரி எடுத்தபின், இயன்ற இடங்களில் கப்பல் பாதைக்கு அப்பால் ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று அமிழ்த்துவதற்கான நடைமுறையை வகுக்க வேண்டும்.

1979 முதல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக இருக்கிறது. ஈட்டி எறிவது நின்றது; கப்பல் மோதுவது நிற்கவில்லை. மேற்கண்ட கோரிக்கைகள் குறித்து, அடுத்த பருவம் தொடங்குமுன் திருகோணமலையில் தங்கள் மூன்று நிறுவனங்களின் அதிகாரிகளும் எங்கள் பிரதிநிதிகளும் பங்குபெறும் கூட்டம் ஒன்றைக் கூட்டித் தருமாறும், எடுக்கும் முடிவைத் தமிழில் எழுத்துமூலம் அறிவிக்குமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்.