பழுதுபார்க்கும் உரிமையும் பனியன் நகரமும்

திருப்பூரில் எதுவும் எளிதில் குப்பைக்குப் போவதில்லை. கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுத் துணி, பனியன் வேஸ்ட் என்ற பெயரில் எடைபோட்டு விற்கப்படுகிறது. நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, மீண்டும் பஞ்சாகி, நூலாகத் திரும்பி வருகிறது. நொய்யல் மாசு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சாயக்கழிவு நீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்த இந்நகரம் கற்றுக்கொண்டது. நீரோடு கலந்து போன உப்பைக்கூட இன்று மீட்டெடுக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், அண்மையில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் அலுவலக அறையில் நான் கண்ட காட்சி வியப்பளித்தது. மூலையில் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய ரவுட்டர்கள். அவற்றின் மேல் இரண்டு தரவுச் சேமிப்புப் பெட்டிகள். 'இதெல்லாம் செத்துப் போச்சுங்க, எடைக்குப் போட வெச்சிருக்கோம்' என்றார் உரிமையாளரான நண்பர். அவர் என்னை அழைத்தது அவற்றுக்காக அல்ல. அன்று காலை 'செத்துப்போன' மூன்றாவது பெட்டிக்காக.

ஒன்பது ஆண்டுப் பழைமையான அந்தப் பெட்டியில் இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதப்படுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். வாங்குவோர் ஒப்புதல் அளித்த நிற மாதிரிகளின் விவரம், பேட்டர்ன் கோப்புகள், பிரிண்டிங் வடிவங்கள், ஜாப் ஒர்க்குக்குச் சென்று வந்த டெலிவரி சலான்கள், பில்கள் என்று நிறுவனத்தின் நினைவு முழுவதும் அதில்தான். முந்தைய இரவு மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கிறது. காலையில் விளக்கு மட்டும் கண்சிமிட்டுகிறது, பெட்டி இயங்கவில்லை. விற்ற நிறுவனத்தைக் கேட்டதற்கு, அந்த மாடலுக்கான சேவை முடிந்துவிட்டது என்று பதில். வேறொருவரோ, புதிய பெட்டி வாங்கி, வன்தட்டுகளை அதில் மாட்டிவிட்டால் போதும் என்று ஆலோசனை கூறியிருக்கிறார்.

அந்த ஆலோசனைதான் ஆபத்தானது. வேறு தயாரிப்பாளரின் சேமிப்புப் பெட்டிகள், தம்மிடம் வரும் வன்தட்டுகளை முதலில் அழித்துத் தமக்கேற்பச் சீரமைத்துக்கொள்ளவே பொதுவாக அனுமதி கேட்கும். விவரம் புரியாமல் 'சரி' என்று ஒருமுறை அழுத்தியிருந்தால், பெட்டியின் பழுது தரவின் அழிவாக மாறியிருக்கும்.

கணினி வலையமைப்புத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், இத்தகைய பெட்டிகளின் உள்ளே இருப்பது என்ன என்பதை நான் அறிவேன். வீட்டு ரவுட்டராகட்டும், சேமிப்புப் பெட்டியாகட்டும், பெரும்பாலானவை லினக்ஸில் இயங்கும் சிறு கணினிகளே. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது தொடக்க நிரல். அது நினைவகத்தைச் சரிபார்த்து, பிளாஷ் சில்லில் உள்ள கெர்னலை எடுத்துப் பரிசோதித்து இயக்கும். கெர்னல் வன்பொருள்களை அடையாளம் கண்டு, கோப்பமைப்பை ஏற்றும். அதன் பிறகே நாம் பார்க்கும் சேவைகள் தொடங்கும். இந்த ஓட்டத்தில் ஏதேனும் ஓரிடத்தில் தடை ஏற்பட்டால், வெளியே தெரிவதெல்லாம் கண்சிமிட்டும் விளக்கு மட்டுமே. தையல் பகுதியில் வேலை நின்றால், நூல் வரவில்லையா, துணி வரவில்லையா, இயந்திரம் ஓடவில்லையா என்று பார்ப்போம். தொழிற்சாலையையே இடித்துவிட மாட்டோம். பெட்டிகள் விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை நமக்கு இல்லை.

நாங்கள் முதலில் பார்த்தது 12 வோல்ட் மின் அடாப்டரை. பழைய அடாப்டர்கள் சும்மா அளந்தால் 12 வோல்ட் காட்டும்; வன்தட்டுகள் சுழலத் தொடங்கும் கணத்தில் சரிந்துவிடும். 'செத்துப்போன' பெட்டிகள் பல இதை மாற்றினாலே பிழைத்துக்கொள்ளும். இங்கே அது காரணமாக இல்லை. அடுத்து, எந்தப் பழுதுநீக்கத்துக்கும் முன்பாக வன்தட்டுகளைக் கழற்றி, எது முதலாவது, எது இரண்டாவது என்று குறித்துக்கொண்டோம். ஒன்றை மட்டும் லினக்ஸ் கணினியில் இணைத்து, எதுவும் எழுதப்படாத வகையில் படிக்க மட்டும் திறந்தோம். பெட்டி பயன்படுத்தியிருந்தது லினக்ஸின் பொதுவான கோப்பமைப்பை என்பதால் கோப்புகள் அனைத்தும் கண்முன்னே வந்தன. அவற்றை வேறொரு வட்டில் படியெடுத்த பிறகுதான் நண்பர் தேநீரைக் கையில் எடுத்தார். வன்தட்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலோ, தயாரிப்பாளர் தனக்கே உரிய அமைப்பைப் பயன்படுத்தியிருந்தாலோ இது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

பிறகு பெட்டியைத் திறந்தோம். பலகையின் ஓரத்தில் நான்கு ஊசிகள் இருந்தன. அவைதான் சீரியல் இணைப்பு. பெட்டி தன் நோயைத் தானே சொல்லும் வாய். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 3.3 வோல்ட் இணைப்பானின் வழியே மடிக்கணினியில் பார்த்தபோது, தொடக்க நிரல் சரியாகவே விழித்தது தெரிந்தது. நினைவகம் சரி. ஆனால், பிளாஷ் சில்லிலிருந்து எடுத்த கெர்னலின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. அந்த வரியோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. பெட்டியில் கெட்டிருந்தது ஒரு சில்லின் ஒரு பகுதி மட்டுமே. அந்த மாடலுக்காகத் தன்னார்வலர்கள் உருவாக்கிய புதிய கெர்னலை யுஎஸ்பி நினைவகத்திலிருந்து எடுக்கும்படி தொடக்க நிரலுக்கு அறிவுறுத்தியதும் பெட்டி எழுந்துகொண்டது. இன்று அது இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட நிலையில், இரண்டாவது படியைப் பாதுகாக்கும் காவலாளியாகப் பணிபுரிகிறது.

இது சாத்தியமானதற்குக் காரணம் என் திறமையன்று. அந்தப் பெட்டியின் மூலநிரல் பொதுவில் கிடைத்தது; தொடக்க நிரல் பூட்டப்படாமல் இருந்தது. இவை இரண்டும் தற்செயலாக வந்தவையல்ல. 2002 இறுதியில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யுஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-இல் நிரலாளர்கள் கண்டறிந்தனர். லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தின்படி, அதைப் பொருளில் வைத்து விற்போர் மூலநிரலையும் கேட்போருக்குத் தர வேண்டும். அழுத்தத்துக்குப் பின்னர் அந்நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-இல் பிறந்ததுதான் ஓபன்டபிள்யுஆர்டி என்ற திறந்த இயங்குதளம். தயாரிப்பாளர் கைவிட்ட ஏராளமான ரவுட்டர்களுக்கு இன்று வாழ்வளிப்பது அதுவே.

நண்பரின் அட்டைப்பெட்டியில் கிடந்த ரவுட்டர்களில் சிலவும் அப்படி மறுவாழ்வு பெற்று, மீண்டும் வீழ்ந்தவை. செக்கிங் பகுதிக்கும் கிடங்குக்கும் இணைப்புத் தருவதற்காக யாரோ அவற்றில் திறந்த இயங்குதளத்தை நிறுவியிருக்கிறார். பின்னர் புதிய பதிப்பை ஏற்றியபோது அவை நின்றுபோயின. காரணம் மர்மமானதன்று. வன்பொருளின் வேறொரு பதிப்புக்கான கோப்பை ஏற்றுவதும், பெரிதாகிவிட்ட புதிய கெர்னல் பழைய பிரிவுக்குள் அடங்காமல் போவதும் வழக்கமான தவறுகள். 4 எம்பி பிளாஷும் 32 எம்பி நினைவகமும் கொண்ட ரவுட்டர்களுக்கு ஓபன்டபிள்யுஆர்டியின் 19.07 பதிப்பே கடைசி. தொடக்க நிரல் பிழைத்திருக்கும் பல ரவுட்டர்களில், மீட்புப் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, கேபிள் வழியே சரியான கோப்பை அனுப்பினால் அவை மீண்டுவிடும். அன்று மாலைக்குள் மூன்று ரவுட்டர்கள் எழுந்தன. இரண்டை நாங்களே எடைக்குப் போடச் சொன்னோம். பழுதுபார்ப்பு என்பது எல்லாவற்றையும் காப்பாற்றும் வெறியன்று. எதைக் காப்பாற்றலாம் என்று அறியும் கலை.

பழைய பெட்டியை அப்படியே ஓடவிடுவது இன்னொரு பிழை. 2015-க்குப் பிறகு புதுப்பிப்பே பெறாத வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் சேமிப்புப் பெட்டிகளில், 2021 ஜூனில் உலகெங்கும் பலரது தரவுகள் தொலைவிலிருந்து அழிக்கப்பட்டன. டி-லிங்க்கின் பழைய சேமிப்புப் பெட்டிகளில் கடுமையான பாதுகாப்புக் குறைகள் 2024-இல் வெளிவந்தபோது, அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டதால் திருத்தம் வராது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்நிறுவனம் கூறியது. ஆயுள் முடிந்த ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றித் தங்களுக்கு முகமூடியாகப் பயன்படுத்துவதாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 மே மாதம் எச்சரித்தது. ஆகவே, தயாரிப்பாளர் கைவிட்ட பெட்டிக்கு இரண்டு நேர்மையான வழிகளே உண்டு. பராமரிக்கப்படும் திறந்த இயங்குதளத்துக்கு மாற்றுவது ஒன்று; இணையத்திலிருந்து துண்டித்துவிடுவது மற்றொன்று. முதல் வழி திறந்திருக்க வேண்டுமானால், தொடக்க நிரல் பூட்டப்பட்டிருக்கக் கூடாது.

இதில் ஒரு சிறு நிறுவனத்தின் செலவு மட்டும் பணயமாக இல்லை. 2024-25-இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த திருப்பூரின் பலம், அதன் ஜாப் ஒர்க் சங்கிலியில் இருக்கிறது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், பவர் டேபிள் என்று ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிறு நிறுவனம். ஜிஎஸ்டி சட்டம் ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சூழலுகந்த பொருள் வடிவமைப்பு விதிகளின் கீழ், ஆடைகளுக்கும் மின்னணு அடையாளச் சீட்டைக் கொண்டுவர ஆயத்தமாகிறது. எந்த இழை, எந்தச் சாயம், எந்தப் பட்டறை என்ற கேள்விகளுக்கான விடை, அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் உள்ள ஒரு பெட்டிக்குள்தான் இருக்கும். அது ஒரு மின்தடையில் ஊமையாகிவிட்டால், ஆர்டரை இழப்பது சங்கிலி முழுவதும்தான்.

அரசு இதை அறியாமல் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-இல் அதற்கான இணையவாசலும் தொடங்கப்பட்டது. பழுதுபார்ப்பு எளிமையை மதிப்பெண்ணாக அளவிடும் குறியீட்டுக்கான குழு 2025 மே மாதம் தன் அறிக்கையை அளித்தது. ஆனால், அதன் முதற்கட்டப் பார்வை திறன்பேசிகள், கைக்கணினிகள் மீதே விழுந்துள்ளது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்கு மறுசுழற்சி இலக்கை விதிக்கின்றன. எனினும், உடைத்து உலோகம் எடுப்பதற்கு முன்பாக அதை ஓடவைக்க முடியுமா என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டே இருக்கிறது.

பிற நாடுகள் ஓரடி முன்னே சென்றுள்ளன. இணையத்தில் இணையும் நுகர்வுப் பொருள்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை காலம் கிடைக்கும் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம், குறுகிய ஆயுள் கொண்ட பொருள்கள் நீங்கலாக, குறைந்தது ஐந்தாண்டு ஆதரவைக் கோருகிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வருகின்றன.

நிரலைத் திறந்துவிட்டால் பாதுகாப்பு குலையும் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். ஆதரவு தரும் காலத்துக்கு அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆதரவை நிறுத்திய பிறகு பூட்டை மட்டும் வைத்திருப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? ரேடியோ விதிகளைக் காரணம் காட்டி ரவுட்டர்களில் மாற்று நிரல்கள் தடுக்கப்பட்டபோது, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2016-இல் டிபி-லிங்க்குடன் செய்துகொண்ட உடன்பாட்டில், ரேடியோ வரம்புகள் காக்கப்படும் வகையில் திறந்த நிரல்களுக்கு இடமளிக்கச் செய்தது. பாதுகாப்பும் திறந்த தன்மையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்பது ரவுட்டர், சேமிப்புப் பெட்டி ஆகியவற்றின் உறையிலேயே விலையோடு அச்சிடப்பட வேண்டும். ஆதரவு முடியும் நாளில் தொடக்க நிரலின் பூட்டு திறக்கப்பட்டு, உரிமப்படி தர வேண்டிய மூலநிரல் தரப்பட வேண்டும். பழுதுபார்ப்புக் குறியீட்டின் வரம்புக்குள் இந்தப் பெட்டிகளும் வர வேண்டும். இவற்றோடு, சீரியல் இணைப்பைப் படித்துப் பழுதை அறியும் பயிற்சியை நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் கற்பித்தால், திருப்பூர் போன்ற ஊர்களில் அது இளைஞர்களுக்கு ஒரு தொழிலாகவே வளரும்.

அதுவரை நிறுவனங்கள் தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தரவின் ஒரு படியை வேறோர் இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது. நண்பர் இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமையை அதற்கென ஒதுக்கியிருக்கிறார். அட்டைப்பெட்டி காலியாகிவிட்டது. கடைசியாகப் பேசியபோது அவர் கேட்ட கேள்வி வேறு: 'ஏனுங்க, அடுத்த பெட்டி வாங்கறப்போ எத்தனை வருசத்துக்கு அப்டேட் வரும்னு எங்கே பாக்கறது?' அதற்கான விடையை உறையின் மீது அச்சிடும்படி உத்தரவிட வேண்டியது அரசின் பொறுப்பு.