விற்றாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற வகையில், ஒரு செய்தியை எத்தனை தடவை செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பினேன் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. 'கசிப்புடன் பெண் கைது' என்பதே அதன் தலைப்பு. இத்தனை போத்தல் கசிப்பு, இத்தனை லீற்றர் கோடா, பொலிஸாருக்குக் கிடைத்த இரகசியத் தகவல், நீதவான் முன்னிலையில் ஆஜர். ஊரின் பெயரும் போத்தல்களின் எண்ணிக்கையும் மாத்திரமே மாறும். அந்தப் பெண் யார், ஏன் காய்ச்சினாள், தண்டப்பணத்தை எங்கிருந்து கட்டினாள் என்று ஒரு தடவைகூட நாம் எழுதியதில்லை. அந்தக் குறை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது என்று சொன்னால் அது பொய். அப்போதும் தெரிந்தே இருந்தது. பக்கத்தில் எமக்குக் கிடைத்த இடம் நான்கு அங்குலம்.

இளம் நிருபராக நீதிமன்றச் செய்தி சேகரிக்கப் போன காலத்தில், இதே குற்றத்துக்காக மூன்றாவது தடவையாகக் கூண்டில் ஏறிய ஒரு பெண்ணைக் கண்டேன். கணவன் இல்லை, பிள்ளைகள் மூவர். தண்டம் கட்டத் தவணை கேட்டாள், கிடைத்தது. வெளியே வந்தபோது, பணத்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். நான் ஏதோ அறியாப் பிள்ளை என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தண்டப்பணமும் அடுத்த பானைக் கோடாவிலிருந்துதான் வரப்போகிறது என்பது அந்த நீதிமன்ற வளவில் நின்ற எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

இந்த விவகாரங்களுக்கெல்லாம் அடிப்படையாக இருப்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். திருத்தங்கள் பல வந்தபோதிலும் அதன் எலும்புக்கூடு பிரித்தானியர் காலத்தது. அனுமதிப்பத்திரமின்றி மதுவை உற்பத்தி செய்வது குற்றம், அவ்வாறு உற்பத்தியானதை வைத்திருப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். 'ஐயா, நான் விற்கவில்லை, மருமகனுக்குச் சும்மாதான் கொடுத்தேன்' என்று ஒருவர் வாதாடினால் அந்த வாதம் அவரைக் காப்பாற்றாது. அவர் கொடுக்கும் முன்னரே, ஏன், அவரது பானை கொதிக்கும் முன்னரே குற்றம் முடிந்துவிட்டது. காசு கைமாறியதா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

சட்டத்தின் பெயரிலேயே அதன் நோக்கம் வெளிப்படையாக இருக்கிறது: மதுவரி. குடிமக்களின் ஈரலைக் காப்பாற்ற எழுந்த சட்டமன்று இது. திறைசேரியின் பெட்டியைக் காப்பாற்ற எழுந்தது. இதே காலத்தில்தான் காலனித்துவ அரசு கள்ளையும் சாராயத்தையும் பிரித்து விற்கும் முறையைக் கொண்டுவந்து, ஊருக்கு ஊர் கள்ளுத் தவறணைகளைத் திறந்தது. அதற்கெதிராக 1912இல் மது ஒழிப்பு இயக்கம் தெற்கில் பேரெழுச்சி கொண்டது. ஒரு கையால் வீட்டுப் பானையை உடைத்துக்கொண்டு, மறு கையால் தவறணைக்குக் கதவு திறந்த அரசு அது. சாராயக் குத்தகையால் செல்வம் சேர்த்த குடும்பங்களிலிருந்து இந்நாட்டின் மேல்வர்க்கத்தினர் எவ்வாறு எழுந்தனர் என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியான தமது நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். குத்தகைக்காரரின் பேரன்மார் சட்டசபைக்குப் போனார்கள். கள் இறக்கியவரின் பேரன் நீதிமன்றத்துக்குப் போனான்.

யாழ்ப்பாணத்தவனாகிய எனக்கு இது ஏட்டுச் செய்தியன்று. பனையிலிருந்து கள்ளை எவரும் 'உற்பத்தி' செய்வதில்லை. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாவிட்டால், மரத்தின் உச்சியிலேயே காற்றிலுள்ள நொதியம் தன் வேலையைத் தொடங்கிவிடும். சீவுபவர் இறங்கி வரும் முன்னரே அது கள். ஆனால் மரத்தைச் சீவுவதற்கே அனுமதிப்பத்திரம் கேட்டது அந்தச் சட்டம். பிற்காலத்தில் மரவரி, தவறணைக் குத்தகை என்று முறைகள் மாறின. 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபின்னரே குத்தகைக்காரரின் பிடியிலிருந்து சீவல் தொழிலாளர் ஓரளவு மூச்சுவிட்டனர். சாதியின் பெயரால் கோயிலுக்கும் தேநீர்க்கடைக்கும் வெளியே நிறுத்தப்பட்ட அதே மக்கள், தமது உழைப்பின் பயனைத் தமது முற்றத்தில் வைத்து அயலவனுக்கு ஒரு பிளாவில் ஊற்றிக் கொடுப்பதற்கும் அரசின் தயவை நாடவேண்டியிருந்தது. பிளாவில் குடித்துவிட்டு மறுநாள் அவர்களைத் திண்ணையில் ஏற விடாத பெரிய மனிதர்களை எந்தச் சட்டமும் கேள்வி கேட்டதில்லை. இதைச் சொல்லாமல் கள்ளைப் பற்றி எழுதுவது என்னால் இயலாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நத்தார் காலத்தில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ கௌரவமான வீடுகளில் முந்திரிகைப்பழ வைனும் அன்னாசி வைனும் போத்தல்களில் ஊறுகின்றன. சீனி, நொதியம், பழச்சாறு, சில வாரப் பொறுமை, அவ்வளவுதான். இரசாயன ரீதியில் பார்த்தால் கோடாப் பீப்பாய்க்குள் நடப்பதும் அந்த வைன் சாடிக்குள் நடப்பதும் ஒன்றே. எனக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நண்பர் ஒரு போத்தல் அனுப்புவார், நன்றாகவே இருக்கும். அந்த வீட்டை மதுவரித் திணைக்களத்தினர் சுற்றிவளைத்ததாக நான் செய்தி எழுதியதில்லை, எழுதப் போவதுமில்லை. கண்ணாடிச் சாடியில் ஊறினால் பண்பாடு, மண்ணில் புதைத்த பீப்பாயில் ஊறினால் குற்றமா?

உடனே எனக்கு மறுமொழி வரும்: 'கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டீரா?' மறக்கவில்லை. 2024 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது மெதனோல். சீனிக் கோடாவை முறையாக வடித்தால் அந்தளவு மெதனோல் தானாகத் தோன்றாது. பழங்களிலுள்ள பெக்ரினிலிருந்து சிறிதளவு உண்டாகும், அவ்வளவே. அறுபது பேரைக் கொல்லும் மெதனோல் தொழிற்சாலைத் தேவைக்காகத் தயாரிக்கப்பட்டு, இலாபத்துக்காகக் களவாகக் கலக்கப்பட்டது. அதைக் கலப்பவன் கொலைகாரன். அவனைத் தண்டிக்க எத்தனை கடுமையான சட்டம் வந்தாலும் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அவனையும், தன் வீட்டுப் பனையின் கள்ளைத் தன் மச்சானுக்கு ஊற்றிக் கொடுப்பவனையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நீதியன்று.

கசிப்பு நல்லது என்று நான் எழுதவில்லை. மலையகத் தோட்டங்களிலும் வன்னிக் கிராமங்களிலும் கசிப்பு எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்தது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். அடிவாங்கிய பெண்கள் தாமே திரண்டு கொட்டில்களைப் பிடுங்கி எறிந்த ஊர்களும் உண்டு. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை அரசு தன்னுடையதாகக் காட்டிக்கொள்ளும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. 2023இலும் 2024இலும் வரியை ஏற்றி ஏற்றிச் சாராயப் போத்தலின் விலையை 3,000 ரூபாவுக்கு மேல் கொண்டுபோய், கூலித் தொழிலாளியைக் கசிப்புக் கொட்டிலுக்குத் தள்ளியது யார்? 2024இல் நாடெங்கும் 300க்கும் அதிகமான மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டமை அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட பட்டியலில் வெளியானது. போரில் நைந்துபோன கிளிநொச்சிக்குக் கிடைத்தவை தனியே பேசுபொருளாயின. அந்தக் கடைகளில் குடித்துவிட்டு வருபவனும் மனைவியை அடிக்கிறான். அந்த அடிக்கு வரி கட்டப்பட்டிருக்கிறது என்பதே வித்தியாசம்.

இந்தச் சட்டத்தை எமக்குத் தந்துவிட்டுப் போனவர்கள் தமது நாட்டில் என்ன செய்தார்கள்? 1963இல் பிரித்தானியா, வீட்டில் சொந்தத் தேவைக்குப் பியர் காய்ச்சுவதற்கு இருந்த அனுமதிப்பத்திர முறையை ஒழித்தது. விற்பதானால் மட்டுமே அரசு குறுக்கிடும். அமெரிக்கா 1978இல் சட்டமியற்றி, வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கலன், ஒரு வீட்டில் 200 கலன் பியர் வரியின்றிக் காய்ச்ச இடமளித்தது. வடிப்பதை மட்டும் தடையாகவே வைத்துக்கொண்டது. நியூசிலாந்து 1996இல் ஒரு படி மேலே போய், சொந்தத் தேவைக்கு வடிப்பதையும் அனுமதித்தது. அந்த நாடுகள் அழிந்துபோகவில்லை.

நான் கேட்பது நியூசிலாந்து அளவுக்கன்று. புளிப்பதையும் வடிப்பதையும் சட்டம் வேறுபடுத்தட்டும். கள்ளோ வைனோ, ஓர் அளவுக்குள் வீட்டில் வைத்திருந்து காசு வாங்காமல் கொடுப்பது குற்றமல்ல என்று ஒரே ஒரு பிரிவைச் சேர்க்கட்டும். வடிப்பவருக்கு, கம்பனிகளுக்கு மட்டும் கட்டுப்படியாகும் அனுமதிப்பத்திரத்துக்குப் பதிலாக, ஒரு கிராமச் சங்கத்தால் பெறக்கூடிய சிறிய அனுமதிப்பத்திரத்தையும் பரிசோதனையையும் ஏற்படுத்தட்டும். பனங்கள்ளிலிருந்து சாராயம் வடித்த திக்கம் வடிசாலை எமது மண்ணிலேயே இருக்கிறது. வடிக்கத் தெரியாதவர்களல்லர் நாம்.

இதைத் திருத்தக் கூடியவர்கள் அமரும் சபையில் மதுபானசாலைகளுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அடுத்த கிழமையும் 'கசிப்புடன் பெண் கைது' என்ற செய்தி வரும். ஆசிரியபீடத்திலுள்ள இளைய தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன்: நான்கு அங்குலம் போதாது, ஆறு அங்குலமாவது கேட்டு வாங்குங்கள். தண்டப்பணம் எவ்வளவு, அதை அவள் எப்படிக் கட்டினாள் என்பதையும் எழுதுங்கள்.