முதுமைக்குக் கூரை தருவது யார் கடமை?

ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு நிலம் வேண்டுமெனில் அரசு தேடித் தருகிறது. சாலையையும் மின்சாரத்தையும் தண்ணீரையும் வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கிறது. 1971-இல் சிப்காட் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டதன் நோக்கமே அதுதான். அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், அத்தொழிற்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக் கூலியாக உழைத்து ஓய்ந்த ஒருவருக்குத் தலைசாய்க்க ஓர் அறை வேண்டுமெனில், 'அது உங்கள் குடும்ப விவகாரம்' என்று எல்லாரும் கைவிரிக்கிறோம். இது நீதியாகுமா?

கணக்கைப் பாருங்கள். வருங்கால வைப்புநிதி வழி வரும் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் ரூ.1,000 என நிர்ணயிக்கப்பட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. பெங்களூரின் நெருக்கமோ ஓசூரின் வாடகையை ஏற்றிக்கொண்டே போகிறது. மூக்கண்டப்பள்ளியிலோ ஜூஜூவாடியிலோ இத்தொகைக்கு ஓர் அறை கிடைக்குமா? கிடைத்தாலும், பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால் அந்த முதியவர் எங்கே போவார்?

'அரசுதான் வீடு கட்டித் தருகிறதே' என்பர் சிலர். உண்மைதான். 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் ஏழைகளின் வீடு ஒன்றுக்கு மத்திய அரசு ரூ.1.5 இலட்சம் வழங்கியது. 1970-இல் பிறந்து, 2021-இல் பெயர் மாறிய நம் குடிசை மாற்று வாரியம் அடுக்ககங்களைக் கட்டுகிறது. ஆனால் பயனாளி தம் பங்குத்தொகையைச் செலுத்தியாக வேண்டும். அதற்குக் கடன் கேட்டால், 70 வயதுக்குள் அடைத்து முடிக்க வேண்டும் என்கின்றன பெரும்பாலான வங்கிகள். 65 வயதுக் கைம்பெண்ணுக்கு எந்த வங்கி கடன் தரும்? அவருக்குத் தேவை சொத்துப் பத்திரமன்று. வருவாய்க்கேற்ற வாடகையில், இறுதிவரை எவரும் வெளியேற்ற முடியாத ஒரு வீடே அவருக்குத் தேவை.

'முதியோர் இல்லங்கள் இருக்கின்றனவே' என்பது அடுத்த வாதம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, அரசு 'ஏற்படுத்தலாம்' என்கிறது. 'ஏற்படுத்த வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் சந்து வழியே கடமை நழுவிப் போகிறது. அவ்விடத்தை நம் துறவற சபைகளின் இல்லங்கள் நிரப்புகின்றன. போற்றுகிறேன். ஆயினும் தானே சமைத்துண்டு நடமாடக் கூடியவரைத் தெருவையும் உறவையும் விட்டுப் பெயர்த்து இல்லத்தில் சேர்ப்பது இரக்கமன்று. நம் பிறரன்புப் பணி, நகரம் செலுத்த வேண்டிய நீதிக்கு ஈடாகவும் ஆகாது.

'நிதி எங்கே?' என்பதே கடைசிக் கேள்வி. வியன்னா மாநகராட்சி 1923-இல் வீடுகளுக்கு ஒரு தனி வரி விதித்தது. எளிய வீட்டுக்குச் சிறிதும் ஆடம்பர மாளிகைக்குப் பெரிதுமாக விதிக்கப்பட்ட அவ்வரியின் துணையுடன் 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அது எழுப்பியது. அமெரிக்காவில் முதியோர் வீட்டுவசதிக்கென்றே 1959-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. அதன்படி தொண்டு நிறுவனங்கள் அரசுப் பணத்தில் வீடு கட்டின. முதியவர் தம் வருவாயில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகத் தந்தார். எஞ்சியதை அரசு ஈடுசெய்தது. கட்டுவதற்கு ஒருமுறைப் பணம், வாடகைக்கு மாதந்தோறும் பணம் என்னும் இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ஏழை முதியவருக்கு வீடு நிலைக்கும்.

நமக்கு இது புதிதா? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். அறிவுக்கு ஒரு பங்கு ஒதுக்கிய சமுதாயம் முதுமைக்கு ஒரு பங்கு ஒதுக்கலாகாதா? 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஓசூர், தன் வசமுள்ள மனையொன்றை நீண்டகாலக் குத்தகைக்குத் தரலாம். கட்டட அனுமதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். பெரிய கட்டடங்களைக் கட்டுவோரிடம் ஏழைகளின் உறைவிடத்துக்கென வசூலிக்கப்படும் தொகையில் முதியோருக்கு ஒரு பங்கு கேட்டு அரசை வலியுறுத்தலாம்.

வாசகர்களே, உங்களுள் பலர் அந்நகரில் வரி செலுத்துவோர். சிலர் தொழிற்சாலைகளில் பொறுப்பு வகிப்போர். அடுத்த முறை உங்கள் வட்ட உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, சாலையையும் சாக்கடையையும் பற்றிக் கேட்டபின், முதியோர் குடியிருப்புக்கு நிதிநிலை அறிக்கையில் எத்தனை ரூபாய் ஒதுக்குவீர்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.