பழைய மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஒயில்?



சென்ற மாதம் இரவு வேலை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னை மறித்தார். "அண்ணை, பழைய ஹொண்டா ஒன்று மலிவாய் வாங்கிப்போட்டன். காருக்கு வாங்கின ஒயில் மிச்சம் கிடக்குது. அதை விட்டால் என்ன?" என்று கேட்டார்.

இதே எண்ணத்தில் நான் பட்ட பாட்டை அவருக்குச் சொன்னேன். நானும் முதல் வருடம் அறைத் தோழரின் காருக்கு வாங்கி மிஞ்சிய ஒயிலைத்தான் விட்டேன். இரண்டு கிழமை கழித்து எக்ளின்ரன் வீதியில் இடப்பக்கம் திரும்பினேன். எதிரே லொறி வந்தது. அக்சிலேற்றரை முறுக்கினேன். எஞ்சின் கத்தியதே தவிர வண்டி இழுக்கவில்லை. லொறிக்காரர் பிரேக் பிடித்தபடியால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். காரில் எஞ்சினுக்கு ஓர் ஒயில், கியர்பெட்டிக்கு வேறு ஒயில். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் ஊறிக்கிடக்கின்றன. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் பல கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். கிளட்ச் தட்டுகளுக்கோ உராய்வுதான் உயிர். தட்டுகள் ஏற்கனவே தேய்ந்திருந்தால் வழுக்கல் இன்னும் விரைவாக வந்துவிடும்.

ஆகவே போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். வட்ட முத்திரையின் அடியில் 'ரிசோர்ஸ் கொன்சேர்விங்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள். 'ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ.' என்று இருந்தால் எடுங்கள். ஒயிலில் ஊறும் கிளட்சுக்கென ஜப்பானியர் 1998 இல் வகுத்த தரம் அது. ஸ்கூட்டர்களின் விடயம் வேறு. அவற்றின் கைநூலைப் பாருங்கள். என் ஹொண்டாவின் கைநூல் '10டபிள்யூ-40' கேட்கிறது. முதல் எண் சிறிதாக இருந்தால் குளிரிலும் ஒயில் இலகுவாக ஓடும். இரண்டாவது எண், சூடேறிய பின் இருக்கும் தடிப்பைக் குறிக்கும்.

விலை கூடிய ஒயிலை விட, நேரத்துக்கு மாற்றுவதே முக்கியம். இதை நான் ஊரிலேயே கண்டேன். 1990 இல் பெற்றோலுக்குத் தடை வந்த பின், யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நான் அப்போது சின்னப் பிள்ளை. அப்பா சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். அப்பா ஒயிலை விரலில் தொட்டு மணந்து பார்ப்பார். இங்கே குளிரும் குறுந்தூர ஓட்டமும் அதே வேலையைச் செய்கின்றன. எரியாத பெற்றோலும் ஈரமும் ஒயிலில் சேருகின்றன. அதனால் பனிக்காலத்துக்கு வண்டியை மூடி வைக்கும் முன்னரே மாற்றிவிடுங்கள். பழைய ஒயிலின் அமிலம் மாதக்கணக்கில் எஞ்சினுக்குள் கிடக்க வேண்டாம்.

மாற்றும் முறை சுலபம். வெளியில் வைத்துச் சில நிமிடம் ஓடவிடுங்கள். மூடிய கராஜுக்குள் புகை ஆளைக் கொல்லும். எஞ்சினை நிறுத்தி, வண்டியை நேராக நிறுத்தி, கீழேயுள்ள போல்ற்றைக் கழற்றி ஒயிலை முழுவதும் வடிய விடுங்கள். ஒயில் சுடும், கை கவனம். போல்ற்றுக்குப் புது வாஷர் போடுங்கள். பலம் காட்டி இறுக்க வேண்டாம். அது பூட்டப்படும் இடம் அலுமினியம், புரி அழிந்தால் செலவு பெரிது. பில்ட்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். கைநூலில் சொன்ன அளவுக்கு விட்டு, சற்று ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவைப் பாருங்கள். சரிந்து நிற்கும் வண்டி பொய் அளவு காட்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாகனத் தரிப்பிடத்தில் செய்து முறைப்பாடு வாங்காமல், வீடுள்ள நண்பரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய ஒயிலைத் தெருக் கானுக்குள் ஊற்றாதீர்கள். மழைநீர்க் கானில் விடுவது சுத்திகரிக்கப்படாமல் ஓடைகளுக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. நாம் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீரைத்தான். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெயால் கிணறுகள் கெட்டதை மறக்க முடியுமா? 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. காசு வந்தால் கிணறு திரும்பி வருமா? ஒயிலை வெறும் போத்தலில் அடைத்து, ரொறன்ரோ மாநகரின் கழிவு ஒப்படைக்கும் நிலையத்தில் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் இதற்குக் காசு கேட்பதில்லை.

அந்தத் தம்பி மிச்ச ஒயிலைக் காருக்கே வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவருடைய ஹொண்டாவுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒயில் மாற்றப் போகிறோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.