சுங்கானுக்கு எதற்கு வடிகட்டி?

சுங்கானில் வடிகட்டி பொருத்தினால் வாய் நனையாது, உடம்புக்கும் கேடில்லை என்று நண்பர்கள் சிலர் விடாமல் சொல்லி வருகிறார்கள். முதற்கூற்றை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். அடுத்தது விளம்பரக்காரர்களின் வாசகம். நாம் அதை ஒப்பிக்க வேண்டியதில்லை.

புகையிலை எரிகையில் எழும் நீராவி, தண்டின் குளிர்ந்த பகுதியில் நீராகிறது. டப்ளினைச் சேர்ந்த பீட்டர்சன் அந்த நீர் தங்கத் தண்டுக்குள்ளேயே ஒரு குழி அமைத்து 1890இல் காப்புரிமை பெற்றார். புகையின் வழி அடைபடவில்லை. அமெரிக்காவின் கேவுடி நிறுவனமோ வாய்க்குழலின் உள்நுனியில் துளையிட்ட உலோகக் குமிழைப் பொருத்தி 'டிரிங்க்லெஸ்' என்று பெயரும் சூட்டியது. ஸ்டிங்கர் என்பது இதுதான். சூடான புகை குளிர்ந்த உலோகத்தில் மோதினால் நீர் கூடுமா, குறையுமா? துடைக்கும் கம்பியும் அதைத் தாண்டாது. பழைய கேவுடிகள் பலவற்றில் அந்தக் குமிழ் அறுத்தெறியப்பட்டிருப்பது சும்மா அல்ல. (அதற்காகச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பது தனி வேடிக்கை.) புகையிலையைச் சற்று உலர்த்தி, நிதானமாக இழுத்தாலே ஈரம் பெருமளவு அடங்கிவிடும்.

உடல்நலப் பேச்சைத்தான் சகிக்க முடியவில்லை. சுங்கான் உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 1964லேயே ஏற்றுக்கொண்டது. இன்று விற்கும் 9 மில்லிமீட்டர் கரி வடிகட்டி சில வாயுக்களைப் பிடிக்கும். தாரும் நிக்கோட்டினும் பெரும்பாலும் கடந்துவிடும். வடிகட்டியை நம்புகிறவர்கள் கென்ட் சிகரெட்டின் கதையையும் அறிந்துகொள்ளட்டும். உடல்நலத்தின் பெயரால் விற்கப்பட்ட அதன் வடிகட்டியில் 1952 முதல் 1956 வரை இருந்தது நீல ஆஸ்பெஸ்டாஸ்.