வரிசையில் நிற்கும்போதே டிக்கெட் விலை ஏறியது எப்படி? ஒயாசிஸ் கச்சேரியும் வெளிநாடு போகும் ரசிகர்களுக்கான பாடமும்

2009-ல் பாரிஸில் சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி நோயலும் லியாமும் 2025 ஜூலை 4 அன்று பிரிட்டனின் கார்டிஃப் நகரில் மீண்டும் ஒரே மேடையில் ஏறினார்கள். மான்செஸ்டரில் பிறந்த ஒயாசிஸ் ராக் குழுவின் இந்தச் சுற்றுப்பயணத்தில் ஆசியாவுக்குக் கிடைத்தது தென்கொரியாவும் ஜப்பானும் மட்டும்தான். இந்திய ரசிகர் என்றால் விமானம் ஏறியே ஆக வேண்டும். ஆனா, அதற்கு முன்னாடி டிக்கெட் கிடைக்கணுமே!

என்னதான் நடந்தது?

பிரிட்டன், அயர்லாந்து நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் 2024 ஆகஸ்ட் 31 அன்று விற்பனைக்கு வந்தது. பல மணி நேரம் ஆன்லைன் வரிசையில் காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் அதிர்ச்சி. சுமார் 150 பவுண்டு என்று நினைத்த நின்று பார்க்கும் டிக்கெட், 350 பவுண்டுக்கு மேல் காட்டியது. யோசிக்கச் சில நிமிடங்கள்தான். பலரும் வாங்கிவிட்டார்கள்.

நேரத்துக்கு நேரம் விலையை மாற்றும் 'டைனமிக் பிரைசிங்' இதுதான் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் விசாரித்தபோது தெரிந்தது வேறு. கம்ப்யூட்டர் அந்தந்த நிமிடத்தில் விலையை ஏற்றியதற்கு ஆதாரம் இல்லை. நின்று பார்க்கும் டிக்கெட்டுக்கு இரண்டு விலைகள் இருந்தன. குறைந்த விலை டிக்கெட் முதலில் தீர்ந்ததும், அதிக விலை டிக்கெட் வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு இது சரியாகச் சொல்லப்படவில்லை. 'பிளாட்டினம்' என்ற பெயரில் கிட்டத்தட்ட 2.5 மடங்கு விலைக்கு விற்ற டிக்கெட்டுகளும் உண்டு. பல நேரங்களில் அதே பகுதி, அதே வசதி. பெயர் மட்டும் வேறு!

ஆக, விலை அதிகம் என்பதைவிட, விலையை முன்கூட்டியே சொல்லாததுதான் பிரச்னை.

பிறகு என்ன மாறியது?

2025 செப்டம்பரில் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் ஆணையத்திடம் உறுதி கொடுத்தது. இப்படி அடுக்கு விலை இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். வரிசையில் இருப்பவர்களுக்கும் விலை விவரம் தெரிய வேண்டும். அசல் விலைக்கு மேல் டிக்கெட்டை மறுவிற்பனை செய்வதைச் சட்டவிரோதமாக்கப் போவதாக பிரிட்டன் அரசு அந்த நவம்பரில் அறிவித்தது.

உங்களுக்கு இதில் என்ன?

இந்தியர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒயாசிஸ் டிக்கெட் விற்றது, கச்சேரிக்குப் பத்து மாதம் முன்பு. பிரிட்டன் சுற்றுலா விசாவுக்கு நீங்கள் விண்ணப்பிக்க முடிவதோ, பயணத்துக்கு 3 மாதம் முன்புதான். அதாவது விசா வருமா வராதா என்று தெரியாமலேயே டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் அதற்குக் கட்டிய கட்டணமும் திரும்பாது.

அதனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். வரிசையில் சேரும் முன்பே உங்கள் உச்ச விலையை முடிவு பண்ணுங்க. போக முடியாவிட்டால் டிக்கெட்டை அசல் விலைக்கே திருப்பி விற்க அதிகாரப்பூர்வ வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே படியுங்கள். அனுமதியில்லாத தளத்தில் வாங்கவே வாங்காதீர்கள். ஒயாசிஸ் விஷயத்தில் அப்படிப்பட்ட டிக்கெட்டுகள் ரத்தாகலாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். உள்ளூர் ரசிகருக்கு டிக்கெட் காசு மட்டும்தான் நஷ்டம். உங்களுக்கோ விமானம், விசா, ஹோட்டல் எல்லாமே சேர்ந்து போகும்.